பழைய அம்பாசடர்: துருப்பிடித்த போல்ட்டுகளை எப்படிக் கழற்றுவது?

வளவுவண்டி (கானாடுகாத்தான்):
எங்கள் ஐயா ஓட்டிய மார்க் 2 அம்பாசடர், 1968 மாடல். ஷெட்டில் மண் தரையிலேயே பல வருஷமாக நிற்கிறது. மேலே பெயிண்ட் பரவாயில்லை. அடியில்தான் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் தரை ஊறி ஊறித் துரு ஏறிக் கிடக்கிறது. அப்பச்சி இரும்புக்கடைக்குப் போடச் சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை. முன் மட்கார்டைக் கழற்ற ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். 13-ம் நம்பர் ஸ்பேனர் போட்டார், இரண்டு நட்டின் மூலை மழுங்கியதுதான் மிச்சம். நானே பொறுமையாகப் பிரிக்கலாம் என்றிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பட்டறைக்காரர் (காரைக்குடி):
தம்பி, வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அந்த 13-ஐ உள்ளே வையுங்கள். அம்பாசடர் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி, எல்லாம் இஞ்ச் அளவு. 1/2 இஞ்ச் என்றால் 12.7 மில்லி. புது நட்டு அந்த 0.3 மில்லி வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும், துருவேறி இறுகியது பொறுக்காது. 7/16, 1/2, 9/16 அளவில் ஆறு முனை சாக்கெட் வாங்குங்கள். பன்னிரண்டு முனை வேண்டாம், அது மூலையை மட்டும்தான் பிடிக்கும்.

நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். கழன்று வரும் நட்டு அந்த வழியாகத்தானே வர வேண்டும்? பலரும் இதை விட்டுவிட்டு, பாதியில் சிக்கியதும் போல்ட்டை முறித்துவிடுகிறார்கள். அப்புறம் ஏடிஎஃப் ஆயில் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் எண்ணெய்) பாதி, அசிட்டோன் பாதி கலந்து, நன்றாகக் குலுக்கிச் சாயங்காலம் விடுங்கள். பெயிண்டில் படக் கூடாது, பக்கத்தில் நெருப்பும் கூடாது. போல்ட் தலையில் சுத்தியால் நாலு தட்டு. காலையில் இன்னொரு முறை.

கழற்றும்போது முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு இம்மி. 'டக்' என்று சத்தம் வந்தால் துரு விட்டுவிட்டது. சத்தமே இல்லாமல் ரப்பரை முறுக்குவது போல மெத்தென்று வந்தால் போல்ட்டே முறுகுகிறது, அங்கேயே நிறுத்துங்கள். அசைந்த பிறகும் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள்.

எல்லாப் போல்ட்டையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். மட்கார்டு போல்ட் போனால் போகட்டும், உளி வைத்து நட்டைப் பிளந்துவிடலாம். மேனிஃபோல்டு ஸ்டட் (காற்று, புகைக் குழாய்களை இன்ஜின் ஹெட்டோடு பிடிக்கும் தலையில்லாத போல்ட்) அப்படியில்லை. அது ஹெட்டுக்குள் முறிந்தால் மரையே போய்விடும். உங்கள் பொறுமை முழுவதையும் அங்கே செலவழியுங்கள். எண்ணெய்க்கு அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்துக் காயவிட்டு, நட்டை மட்டும் சூடாக்குங்கள், ஸ்டட்டை அல்ல. நட்டு விரிந்து பிடி தளரும். சூட்டோடு மெழுகுவர்த்தியைத் தொட்டுவைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். நெருப்பை எடுக்கும் முன் பேட்டரி, பெட்ரோல் டேங்க் இரண்டும் வண்டியைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும்.

வெல்டிங்கடை (தேவகோட்டை):
ஸ்டட் முறிந்துவிட்டாலும் பயப்படாதீர்கள். கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் பெரிய நட்டு ஒன்றை வைத்து உள்வழியாக வெல்டு அடித்துவிடுங்கள். ஸ்டட்டுக்கு நேராகச் சூடு ஏறுவதால் துருவும் விடும், பிடிக்கப் புதுத் தலையும் கிடைக்கும். செவப்பு மறைந்த பிறகு மெதுவாகத் திருப்புங்கள். ஈஸி அவுட் (முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு, உள்ளே செருகித் திருப்பும் கருவி) கடைசி வழிதான். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது.

சோடாவாளி (பள்ளத்தூர்):
நம் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-லிருந்து காரைக்குடியில் இருக்கிறது, துரு அங்கே ஒரு தனி ஆராய்ச்சித் துறை. அந்த வேதியியலை நாமும் வீட்டில் பயன்படுத்தலாம். கழற்றிய சின்ன பிராக்கெட்டுகளைப் பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவைப் பொருளுக்கும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் கொடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. எவர்சில்வர் துண்டு வேண்டவே வேண்டாம், குரோமிய விஷம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வரும், அதனால் திறந்த வெளியில்தான். ஸ்பிரிங்கை இதில் போடாதீர்கள், எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

வளவுவண்டி:
ரொம்ப நன்றி. மட்கார்டு முடிந்ததும் முன் சஸ்பென்ஷனையும் இதே முறையில் பிரிக்கலாமா அண்ணே?

பட்டறைக்காரர்:
வேண்டாம் தம்பி. முன்னால் இருப்பது டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கில் வேலை செய்யும் எஃகுக் கம்பி, வண்டி நிற்கும்போதே முறுக்கேறி இருக்கும். அதைத் தளர்த்தாமல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் (லோயர் ஆர்ம்) போல்ட்டை உருவினால் அந்த ஆர்ம் சுழன்று அடிக்கும், எலும்பு முறியும். அதற்கு மட்டும் அம்பாசடரில் வேலை பார்த்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டு கழன்றதும் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.