பொன்னியின் செல்வன்: நாவலிலிருந்து படம் எங்கெங்கே விலகுகிறது?

ஏரிக்கரை, காட்டுமன்னார்கோயில்:
பிளஸ் டூ பிள்ளைகள் பத்துப் பேருக்கு வாசிப்பு வகுப்பு. மணிரத்னத்தின் இரண்டு படமும் பார்த்துவிட்டார்கள், கல்கியின் நாவலை யாரும் தொடவில்லை. ஐந்து பாகத்தையும் மொத்தமாகக் கொடுத்தால் மிரண்டுவிடுவார்கள். படம் முக்கியமாக விலகும் இடங்கள் எவை, அதற்கு நாவலில் எந்தப் பகுதியைப் படிக்க வைக்கலாம்? வீராணமும் கடம்பூரும் அவசியம் வரவேண்டும்.

மஞ்சக்குப்பம் வாசகி:
சார், முதலில் அளவைச் சொல்லிவிடுங்கள். நாவலில் 293 அத்தியாயம், இரண்டு படமும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல்தான் கிடைக்கும். வெட்டாமல் எடுத்திருக்கவே முடியாது. எதை வெட்டினார்கள், அதனால் வேறு எது ஆட்டம் கண்டது என்பதுதான் பேச வேண்டியது.

முதல் வாரத்துக்கு முதல் பாகத்தின் முதல் எட்டு அத்தியாயம் போதும். 'ஆடித்திருநாள்' அத்தியாயத்தில் வீராணம் ஏரிக்கரையில் தொடங்கி 'பல்லக்கில் யார்?' வரை, ஏறக்குறைய ஒரே பகல், ஒரே இரவு. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. கல்கியோ ஆடிப் பதினெட்டுக் கூட்டம், ஏரியின் 74 கணவாய், கமுகு மட்டையில் சித்திரான்னம் என்று நிதானமாக ஊரைக் காட்டிவிட்டுத்தான் சதிக்கு வருகிறார். வந்தியத்தேவன் அந்த இரவு கடம்பூரில் தங்குவது நண்பன் கந்தமாறன் வீடு என்பதால். மதுராந்தகனை அடுத்த அரசனாக்கச் சதி செய்யும் நடுநிசிக் கூட்டத்தின் பேச்சு தற்செயலாகக் காதில் விழுகிறது. அந்தத் தற்செயல்தான் கதையின் சுவை.

இரண்டாவது, புயல். முதல் படத்தின் முடிவில் கடலுக்குள் பாய்ந்து வருவது ஊமை ராணி. நாவலில் படகோடு வந்து இளவரசன் அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் காப்பாற்றுகிறவள் படகோட்டும் பெண் பூங்குழலி. இரண்டாம் பாகத்தின் கடைசி நாலைந்து அத்தியாயங்களைப் படிக்கச் சொல்லுங்கள். அவளுடைய பாத்திரம் படத்தில் எவ்வளவு சுருங்கிவிட்டது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

முத்தியால்பேட்டை:
அக்கா சொன்னது சரி. ஆனால் பெரிய மாற்றம் சேந்தன் அமுதன்தான். பூக்கைங்கரியம் செய்யும் எளிய இளைஞன்; நாவலில் குழந்தையிலேயே மாறிப்போன உண்மையான மதுராந்தகன் அவன். முந்தைய மன்னர் கண்டராதித்தரின் அரசி செம்பியன் மாதேவி தான் வளர்த்த மகனுக்கு முடி வேண்டாம் என்று ஏன் அத்தனை பிடிவாதமாக நிற்கிறார் என்ற முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது. கடைசியில் அருள்மொழி கிரீடத்தை அமுதன் தலையில் வைக்கும்போது அவையே திகைக்கிறது. படத்தில் ஆள்மாறாட்டமே கிடையாது, நாம் முதலிலிருந்து பார்த்த மதுராந்தகனுக்கே முடி போகிறது. தியாகம் இருக்கிறது, திகைப்பு இல்லை. ஐந்தாம் பாகத்துக்கு 'தியாக சிகரம்' என்று பெயர் வைத்ததன் கனம் பாதியாகிவிட்டது என்பது என் கருத்து.

கந்தமாறனின் தங்கை மணிமேகலையை எடுத்ததும் சின்ன வெட்டு அல்ல. அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில் வந்தியத்தேவனைக் காப்பாற்ற 'நான்தான் கொன்றேன்' என்கிறாள் அவள். பெரிய பழுவேட்டரையர் தன் கத்தி என்கிறார். கல்கி வேண்டுமென்றே மூட்டம் போட்டு வைக்கிறார். படம் அதைக் கலைத்து, கரிகாலன் தானே உயிரை மாய்த்துக்கொள்வதாக முடித்துவிட்டது. இராஷ்டிரகூடர் போரும் படத்தின் சேர்க்கைதான். நாவல் போரில் முடியவில்லை.

வடலூர்:
இதில் உங்கள் ஊரே சாட்சி. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இராசராசனின் (கதையின் அருள்மொழி) 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்கள் சொத்துப் பறிமுதலைப் பற்றிப் பேசுகிறது. கொலை என்பது கல்லிலேயே இருக்கிறது, அந்த வகையில் கல்கிதான் அதற்கு நெருக்கம். ஆனால் முத்தியால்பேட்டை நண்பர் குறைசொன்ன மதுராந்தக விஷயத்தில் படம்தான் நெருக்கம். மதுராந்தகன் என்கிற உத்தம சோழன் கண்டராதித்தர் மகன், அவ்வளவே. ஆள்மாறாட்டம் கல்கியின் கற்பனை.

ஒரு எச்சரிக்கை: மேலக்கடம்பூர் தேர் வடிவக் கோயிலைக் கதைக்காலக் கோயில் என்று சொல்லிவிடாதீர்கள். அது முதலாம் குலோத்துங்கன் காலம், நூறு ஆண்டுக்கு மேல் பிந்தியது.

ஏரிக்கரை, காட்டுமன்னார்கோயில்:
நன்றி. முதல் வாரம் எட்டு அத்தியாயம், இரண்டாம் வாரம் புயல், மூன்றாம் வாரம் கடம்பூர் மாளிகை எரியும் பகுதியும் உடையார்குடிக் கல்வெட்டும். முடிசூட்டு விழாவுக்கு எங்கிருந்து எடுக்கலாம்?

முத்தியால்பேட்டை:
அதைத் தனியாக எடுக்காதீர்கள். அமுதன் யார் என்பது முன்னாலேயே தெரிந்துவிட்டால் அந்த அத்தியாயம் வீணாகிவிடும். யாராவது ஒரு பிள்ளை முழுதாகப் படிக்கத் தொடங்கினால் அவனே வந்து சொல்லட்டும்.