வார்டில் மருந்துக்கு ஸ்கேனர் வருகிறதாம், வேலை குறையுமா கூடுமா?

வைகை_சிஸ்டர்:
மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அடுத்த மாதத்திலிருந்து மருந்து கொடுக்கும் முன் நோயாளி கையில் கட்டியிருக்கும் டேகையும் மருந்தையும் ஸ்கேன் பண்ண வேண்டுமாம், இரண்டும் பொருந்தினால்தான் கணினி ஏற்றுக்கொள்ளுமாம். நைட் டியூட்டியில் ஆளே இருக்காது, இதில் இது வேறு. ஒரே பெயரில் இரண்டு பேர் அட்மிட் ஆகியிருக்கும்போது பயமாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. உண்மையிலேயே தப்பு குறையுமா, இல்லை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களிடம் காட்டவா? எங்கள் மேனேஜ்மென்ட் இப்படி ஏதாவது யோசித்துக்கொண்டே இருக்கும்.

ஜெத்தா_நர்ஸ்:
குறையும் சிஸ்டர். பாஸ்டனில் பிரிகாம் அண்ட் விமன்ஸ் ஆஸ்பத்திரியில் நடத்தி 2010ல் வந்த ஆய்வு இருக்கிறது. மருந்து கொடுப்பதில் நேரத் தவறு தவிர்த்த மற்ற பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8க்கு இறங்கின. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: டாக்டர் எழுதியதை நாம் சார்ட்டில் பெயர்த்து எழுதும்போது வரும் பிழை 6.1 சதவீதம் இருந்தது, அது சுத்தமாக இல்லாமல் போனது. காரணம், டாக்டரே ஆர்டரை கணினியில் போட்டார், அது நேராக மருந்து சார்ட்டுக்கு வந்தது. உங்கள் இடத்தில் டாக்டர் கேஸ் ஷீட்டில் கிறுக்கிவிட்டுப் போய், நீங்கள் உட்கார்ந்து டைப் அடிக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் பாதிப் பலன் போச்சு. முதலில் அதைக் கேளுங்கள்.

அப்புறம், இது மேனேஜ்மென்ட் யோசனை இல்லை! அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரியில் இருந்த சூ கின்னிக் என்ற நர்ஸ், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது அங்கே கையடக்க ஸ்கேனரால் ஒரு நொடியில் வேலையை முடித்ததைப் பார்த்துவிட்டு, மருந்துக்கும் இதைச் செய்யலாமே என்று கேட்டதில் ஆரம்பித்தது.

மாத்திரைப்பெட்டி:
பார்மசியிலிருந்து எழுதுகிறேன். ஸ்கேன் பண்ண மருந்தில் பார்கோடு இருக்க வேண்டுமே? 2023 ஆகஸ்ட் 1லிருந்து 300 பிராண்டுகளுக்கு பார்கோடு அல்லது க்யூஆர் கோடு கட்டாயம், ஆனால் இடம் போதாவிட்டால் அட்டைப் பெட்டியில் போட்டாலும் போதும் என்று விதியே சொல்கிறது. நாம் பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பில் இரண்டை கத்தரியால் வெட்டி வார்டுக்கு அனுப்புகிறோம், அந்தத் துண்டில் பெயர்கூடப் பாதிதான் இருக்கும், எக்ஸ்பைரி தேதி மீதி எட்டோடு எங்களிடமே தங்கிவிடும். ஒவ்வொரு வேளை மருந்தையும் சின்னக் கவரில் போட்டு லேபிள் ஒட்டி அனுப்ப ஆள் வேண்டும். அந்த ஆளைப் போடாமல் ஸ்கேனர் மட்டும் வாங்குகிற இடங்கள்தான் அதிகம்.

சர்வர்_ரூம்:
நான் ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் போடுகிற வேலையில் இருக்கிறேன். மாத்திரைப்பெட்டி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. கோடு படிக்காவிட்டால் நர்ஸ் என்ன செய்வார்? எல்லா நோயாளிகளின் டேகையும் இன்னொரு பிரதி அச்சடித்து நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டி வைத்து அங்கேயே ஸ்கேன் பண்ணி முடித்துவிடுவார். கணினியில் எல்லாம் பச்சை, படுக்கையருகே யாருமே சரிபார்த்திருக்க மாட்டார்கள். 2008ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு இந்த மாதிரிக் குறுக்குவழிகளை 15 வகையாகப் பட்டியல் போட்டது. காரணங்கள் என்று 31 சொன்னார்கள்: பேட்டரி தீர்ந்தது, வைஃபை கிடைக்கவில்லை, டேக் நனைந்தது, நோயாளி டேகை மென்றுவிட்டது வரை. சோம்பலால் யாரும் இதைச் செய்வதில்லை. ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு படுக்கையருகிலும் ஸ்கேனரோடு போய் நின்று சிக்னல் பார்க்கச் சொல்லுங்கள், மூலைப் படுக்கையில் கண்டிப்பாக இருக்காது.

வைகை_சிஸ்டர்:
எல்லாருக்கும் நன்றி. டாக்டர்கள் டைப் அடிக்கப் போவதில்லை, அது நிச்சயம், டியூட்டி டாக்டர்கூட எங்களைத்தான் போடச் சொல்வார். லேபிள் யார் ஒட்டுவது என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன், "அதையும் நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் பார்மசி ஆளையும் உட்கார வைத்துக் கேட்கப் போகிறேன்.

மாத்திரைப்பெட்டி:
கேளுங்கள். முதலில் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மாதிரி ஆபத்தான மருந்துகளுக்கு மட்டும் லேபிள் போட்டு ஆரம்பிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், அந்த அளவுக்கு எந்த பார்மசியாலும் முடியும்.