குண்டா இருக்கறவங்கள கிண்டல் பண்ணாத நல்ல காமெடி படம் சொல்லுங்க (வீட்ல எல்லாரும் சேர்ந்து பாக்க)

கோவைத்தம்பி:
வணக்கம் மக்களே. எங்க அக்கா கொஞ்சம் பூசின ஒடம்பு, சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தான். இந்த மாசக் கடைசில சொந்தக்காரங்க எல்லாம் வீட்டுக்கு வராங்க, ராத்திரி சாப்ட்டு முடிச்சதும் ஹால்ல பாய விரிச்சு எல்லாரும் ஒரு படம் பாக்கறது எங்க வீட்டு வழக்கம். பிரச்சன என்னன்னா எந்தக் காமெடி படத்த போட்டாலும் ஒரு குண்டு பொண்ண காட்டுனதும் தரை அதிர்ற மாதிரி ஒரு சவுண்ட் வரும், ஹீரோ தெறிச்சு ஓடுவாரு, ஹால்ல எல்லாரும் சிரிப்பாங்க, அக்காவும் சிரிப்பா, ஆனா அதுக்கப்பறம் தட்டுல இருக்கற முறுக்குப் பக்கம் அவ கை போகவே போகாது. அத பாத்துட்டு சும்மா இருக்க என்னால முடியல. சாப்பாடு, குடும்பம், லவ் எல்லாம் இருக்கணும், நல்லா சிரிக்கணும், ஆனா அந்த சிரிப்பு ஒருத்தர் ஒடம்ப வச்சு இருக்கக்கூடாது. எந்த மொழியா இருந்தாலும் ஓகே.

ரீல்பெட்டி:
இஞ்சி இடுப்பழகி பாருங்க ப்ரோ. 2015 நவம்பர்ல வந்துச்சு, தமிழ் தெலுங்கு ரெண்டுலயும் ஒண்ணா எடுத்தாங்க, தெலுங்குல பேரு சைஸ் ஜீரோ. அனுஷ்கா இதுக்காக நெஜமாவே வெயிட் போட்டு நடிச்சாங்க. அதே வருஷம் தான் பாகுபலி மொத பார்ட் வந்துச்சுன்னு யோசிச்சு பாருங்க, அந்த எடத்துல இருக்கற ஹீரோயின் இதுக்கு சரின்னு சொன்னதே பெரிய விஷயம். எனக்கு ரொம்பப் பிடிச்சது ஊர்வசி. பொண்ணுக்கு எப்டியாச்சும் கல்யாணம் ஆயிடணும்னு பதறுற அம்மா, அந்தப் பதட்டத்துல பொண்ண திட்டவும் செய்யறாங்க, ஆனா பாசம் இல்லன்னு ஒரு நிமிஷம் கூட தோணாது. ஆர்யா பொண்ணு பாக்க வந்து ரெண்டு பேருமே வேணாம்னு சொல்லிட்டு அப்பறம் பழக ஆரம்பிப்பாங்க, அது நல்லா இருக்கும். ரெண்டாவது பாதி ஒடம்ப கொறைக்கறேன்னு ஏமாத்தற கிளினிக்க எதுத்துப் போராட்டம்னு வேற ரூட்ல போயிடும், தோழிக்கு கிட்னி கெட்டுப் போயி கத கனமாயிடும், பெரிய ஸ்டாருங்க எல்லாம் வந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவாங்க. ஆனா சொல்ற விஷயம் சரியான விஷயம் தான்.

காவேரிக்கரை:
ரீல்பெட்டி சொன்னது நல்ல படம் தான், ஆனா தம்பி கேட்டதுக்கு என்னோட பதில் தம் லகா கே ஹைஷா, ஹிந்தி, அதுவும் 2015 தான், பிப்ரவரில வந்துச்சு, சரத் கட்டாரியா டைரக்சன். கத 1995ல ஹரித்வார்ல நடக்குது. பையன் பிரேம் பத்தாவது கூட தாண்டாதவன், கேசட் கட வச்சிருக்கான், ஹிந்திப் பாடகர் குமார் சானு பாட்டுன்னா உயிரு. வீட்ல கட்டி வைக்கற பொண்ணு சந்தியா பி.எட். முடிச்சவ, டீச்சர் வேலைக்குப் போகப்போறவ, குண்டு. அவனுக்குப் பிடிக்கல, அத மறைக்கவும் தெரியல. இதுல என்ன அருமன்னா அவ பாவப்பட்ட பொண்ணா எங்கயுமே நிக்கல. குடிச்சுட்டு பிரண்ட்ஸ் முன்னாடி அவ ஒடம்பப் பத்தி கேவலமா பேசுவான், அங்கயே எல்லார் எதுர்லயும் ஒரு அற விடுவா. அவனும் திருப்பி அறைவான், அவ பொட்டியக் கட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயி டைவர்ஸ் கேஸே போட்டுடுவா. கோர்ட்டு ஆறு மாசம் சேர்ந்து இருங்கன்னு சொல்லும், நெஜக் கத அங்கதான் தொடங்குது. ஒரு சீன் இருக்கு, ரெண்டு பேரும் வாயத் தொறந்து பேசிக்க மாட்டாங்க, மாத்தி மாத்தி கேசட்ல பாட்டு போட்டே சண்ட போடுவாங்க, வீடே கேட்டுட்டு இருக்கும், எங்க வீட்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, அந்த சிரிப்புல அவ வெயிட்டுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல. கடைசில பொண்டாட்டிய முதுகுல தூக்கிட்டு ஓடற பந்தயம், அதத் தப்பா எடுத்திருந்தா மொத்தமும் கெட்டிருக்கும், இவங்க அத லவ் சீனா எடுத்துருக்காங்க. முக்கியமா அவ ஒரு கிலோ கூட கொறைக்கல, மனசு மாறினது அவன் தான். தேசிய விருதுல அந்த வருஷத்து சிறந்த ஹிந்தி படம் இது. சந்தியாவா நடிச்ச பூமி பெட்னேகருக்கு இதான் மொத படம், அதுக்கு முன்னாடி இந்தப் படத்த எடுத்த கம்பெனிலயே நடிகர்கள தேர்வு பண்ற டீம்ல வேல பாத்தவங்க. சஞ்சய் மிஸ்ராவ பிரேமோட அப்பாவாப் பாக்கவே ஒரு தடவ பாக்கலாம்.

நெல்லை அம்மா:
தம்பி, அந்த முறுக்கு விஷயம் படிச்சுட்டு மனசுக்கு கஷ்டமா போச்சு. நம்ம வீடுங்கள்ல ஒரே வாய் தான் "ஒடம்ப கொறடி"ன்னும் சொல்லும், "இன்னொரு தோச வச்சுக்க"ன்னும் சொல்லும், கொழந்தைங்க எதக் கேக்கும் சொல்லுங்க. ஹால்ல எந்தப் படம் வேணா போடுங்க, ஆனா அக்காவோட நீங்க மட்டும் ஒக்காந்து ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ் பாருங்க, 2002ல வந்த அமெரிக்கப் படம், லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கற ஒரு மெக்சிகோ குடும்பம். அந்தக் குடும்பத்துல அனான்னு ஒரு பொண்ணு மேல படிக்க ஆசப்படுது, அம்மாக்காரி எப்பப் பாரு குண்டு குண்டுன்னு குத்திட்டே இருப்பா. டேபிள்ல இனிப்பு இருக்கும், அதத் திங்காதன்னு சொல்லுவா, பொண்ணு அம்மா கண்ணப் பாத்துகிட்டே ஒரு வாய் எடுத்து திங்கும். அந்தப் பொண்ணோட அக்கா நடத்தற துணி தைக்கற கம்பெனில ஃபேன் போட்டா தூசி துணில படும்னு போட மாட்டாங்க, வேக்காடு தாங்காம அந்தப் பொண்ணு மேல் துணியக் கழட்டிட்டு வேல பாக்கும், அப்பறம் மத்தவங்களும் கழட்டிட்டு வயித்துத் தழும்ப, தொடைய ஒருத்தருக்கொருத்தர் காட்டிச் சிரிப்பாங்க, அம்மா மட்டும் கோவிச்சுட்டு வெளிய போயிடுவா. இவங்களுக்கு ஒரு டிரஸ்ஸுக்கு 18 டாலர், அதையே பெரிய கடைல 600 டாலருக்கு விக்கறான், அதயும் படம் விடாம சொல்லுது. பெரியவங்க, சின்னப் பிள்ளைங்க இருக்கற எடத்துல வேண்டாம், லவ் சீன் இருக்கு.

கோவைத்தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஹாலுக்கு தம் லகா கே ஹைஷா, அக்காவுக்கு நெல்லை அம்மா சொன்னது. பாட்டிக்கு ஹிந்தி தெரியாது, சமாளிக்கலாமா?

காவேரிக்கரை:
தாராளமா. சப்டைட்டில் போட்டு பக்கத்துல ஒருத்தர் ஒக்காந்து சொல்லிட்டே வந்தா போதும், பாதி படம் மூஞ்சிலயே புரிஞ்சுடும். புருஷன் பொண்டாட்டி ராத்திரி சீன் ஒண்ணு ரெண்டு இருக்கு, ஆபாசமா இருக்காது, இருந்தாலும் பாட்டி பக்கத்துல இருக்கறதால மொதல்ல நீங்க ஒரு தடவ பாத்துடுங்க.