டிலே, ரிவெர்ப் ரெண்டுக்கும் தமிழ்ல என்ன போட? வியாழக்கிழமைக்குள்ள வேணும்

அனுப்புநர்: கிட்டார் வாத்தியார், தக்கலை

எல்லாருக்கும் வணக்கம். லீவு கிளாஸ் திங்கக்கிழமை தொடங்குது, பதினாலு பிள்ளைய, முக்காவாசி சர்ச் கொயர்ல வாசிக்கிற பசங்க, எல்லாரும் தமிழ் மீடியம். எட்டுப் பக்கத்துல பாடக்குறிப்பு அடிச்சுக் கொடுக்கணும், பிரஸ்ல வியாழக்கிழமை சாயங்காலம் மேட்டர் கேட்டிருக்காங்க. கிளீன் டோன்ல, அதாவது கரகரப்பு சேக்காத கிட்டார் சத்தத்துல, டிலே, ரிவெர்ப்னு ரெண்டு எஃபெக்டையும் சேத்து எப்படி வைக்கதுங்கிற பக்கத்துல தான் மாட்டி நிக்கேன்.

போன வருஷம் அகராதியப் பாத்து டிலேக்கு 'தாமதம்'னு போட்டேன். ஒரு பையன் அத வாசிச்சிட்டு, பெடல (கால்ல அமுக்குற எஃபெக்ட் பெட்டி) போட்டா நாம வாசிக்கது லேட்டா தான் வெளிய வரும்னு நெனச்சு, ஒவ்வொரு கார்டையும், அதாவது சேத்து அடிக்கிற ஸ்வரக் கூட்டத்த, தாளத்துக்கு முன்னாலயே அடிச்சிட்டிருந்தான். ரெண்டு நாளு அவனத் திட்டுனேன், மூணாவது நாளு அவன் நோட்டப் பாத்த பொறவு தான் எனக்கு வெளங்கிச்சு. அந்தச் சொல்லப் போட்டது நான்.

விஷயம் இதான். டிலே நீங்க அடிச்ச நோட்ட அப்படியே புடிச்சு வச்சு கொஞ்சம் கழிச்சு திரும்பச் சொல்லும், பொறவு இன்னொரு தடவ, கொஞ்சம் சத்தம் கொறஞ்சு. நிமிஷத்துக்கு 120 தட்டு போற பாட்டுல ஒரு தட்டு 500 மில்லி செகண்டு, முக்கால் தட்டுக்கு வச்சா 375, அதுல தட்டுக்கு ரெண்டு நோட்டு வீதம் வாசிச்சா இடையிடையே தானா நோட்டு வந்து விழும். ரிவெர்ப் அப்படி எண்ண முடியாது, காலியா கெடக்க பெரிய ஹால்ல கை தட்டினா சத்தம் வால் விட்டுப் போகும்லா, அது. கிளீன்ல சேக்கும்போது நான் சொல்லிக் கொடுக்கது டிலே முதல்ல, ரிவெர்ப் பொறவு. அப்பதான் திரும்பி வாற நோட்டும் நீங்க அடிக்க நோட்டும் ஒரே ஹாலுக்குள்ள நிக்கும். மாத்திப் போட்டா அந்த வாலே திரும்பத் திரும்ப வந்து கார்டு மாறும்போது எல்லாம் கொழகொழன்னு ஆயிரும். இத இங்கிலீஷ் இல்லாம ஒரு பக்கத்துல எழுதணும்.

அனுப்புநர்: தமிழாசிரியை (ஓய்வு), நாகர்கோவில்

தம்பி, உங்க விளக்கத்த வாசிச்சதும் நன்னூல் தான் ஞாபகம் வந்துது. டிலே அடுக்குத்தொடர், ரிவெர்ப் அளபெடை. 'பாம்பு பாம்பு'ன்னு கத்துனா சொல்லு முழுசா திரும்ப வருது, ஒண்ணத் தனியா எடுத்தாலும் பொருள் நிக்குது. இரட்டைக்கிளவி அப்படி இல்ல, சலசலங்கதுல ஒரு சலவ எடுத்தா ஒண்ணும் மிஞ்சாது. அதனால டிலேக்கு 'அடுக்கொலி'. நன்னூலார் 'இரண்டு மூன்று நான்கு எல்லை'ன்னு அடுக்குக்கு வரம்பே கட்டியிருக்காரு, உங்க பெடல்லயும் எத்தன தடவன்னு ஒரு திருகு இருக்கும்னு நெனக்கேன்.

அந்தத் திருகப் பாதியில வச்சா ஒவ்வொரு தடவையும் சத்தம் பாதிபாதியா கொறயுமா? கொறஞ்சா பாருங்க, நெடில் ரெண்டு மாத்திரை, குறில் ஒண்ணு, மெய் அரை, மகரக்குறுக்கம் கால்! கண்ணிமையும் நொடியும் வச்சு தொல்காப்பியர் அளந்த அளவு உங்க பெட்டிக்குள்ள ஓடுது. ரிவெர்ப்புக்கு அளபெடைன்னே வைங்க, 'கெடுப்பதூஉம்' தெரியாத பிள்ளை இங்க கிடையாது. கிளீன் டோனுக்கு 'மாசில் ஒலி'. அப்பர் 'மாசில் வீணை'ன்னு பாடியிருக்காரு, வேற எங்க போய்த் தேட?

அனுப்புநர்: மைக்செட், குலசேகரம்

டீச்சர் சொன்னது கொள்ளாம், ஆனா நாளைக்கு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பாட வாற பையன் 'அண்ணே அளபெடை கொஞ்சம் கூட்டுங்க'ன்னா நான் எந்தத் திருகத் திருக? இருவது வருஷமா பாக்கேன், பாடவாறவங்க எல்லாரும் 'எக்கோ'ன்னு ஒரே சொல்லு தான் சொல்லுவாங்க, டிலே வேணும்னாலும் எக்கோ, ரிவெர்ப் வேணும்னாலும் எக்கோ, நாங்க ஆளோட குரலப் பாத்து எதுன்னு முடிவு பண்ணிக்கிடுவோம். பெடல் மேல இங்கிலீஷ்ல தான் எழுதியிருக்கு, டிலே ரிவெர்ப்னே போட்டா பையன் எந்த மேடையில ஏறினாலும் பொழச்சுக்கிடுவான்.

எங்கிட்ட பழைய ஆம்ப் (கிட்டார் சத்தத்தக் கூட்டுத பெட்டி) ஒண்ணு உண்டு, ரிவெர்ப்புக்கு உள்ள நெசமாவே ஸ்பிரிங் தான். வண்டியில ஏத்தும்போது ஆன்ல இருந்து எங்கயாவது இடிச்சா ஜடார்னு ஒரு சத்தம், தகரக் கொட்டாய் மேல தேங்கா விழுந்த மாதிரி. கிட்டாரும் ஆம்பும் செய்யுத ஃபெண்டர் கம்பெனிக்காரங்க 1961லயே இந்த ஸ்பிரிங் பெட்டிய தனியா வித்தாங்க, 1963ல ஆம்புக்குள்ளயே வச்சாங்க. அறுவது வருஷம் ஓடின பேரு, அத எதுக்கு மாத்தணும்?

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியர், மார்த்தாண்டம்

எதிரொலி, எதிர்முழக்கம்னு ரெண்டும் வகுப்புல சொல்லிக் கொடுத்துட்டுத் தான் இருக்கோம், புதுசா எதுக்கு? முதல் சத்தத்துக்கும் திரும்பி வாறதுக்கும் 0.1 செகண்டு இடைவெளி இருந்தா தனியா கேக்கும், அதுக்கு சுவர் 17.2 மீட்டராவது தள்ளி இருக்கணும்னு தான் பாடம். வாத்தியார் சொன்ன 375 மில்லி செகண்டுக்கு சுவர் ஏறத்தாழ 64 மீட்டர் தள்ளி. அது எதிரொலி. பல பக்கத்துல பட்டு ஒண்ணோட ஒண்ணு கலந்து தேய்ஞ்சு போறது எதிர்முழக்கம், 60 டெசிபல் கொறய எவ்வளவு நேரமாகும்னு அளப்பாங்க. ஹார்வர்டுல சபைன்ங்கிற இயற்பியலாளர் ஹாலுக்குள்ள சத்தத்த உறிஞ்சுத மெத்தையத் தூக்கிப் போட்டும் எடுத்தும் தான் அத அளந்தாரு. ஒங்க கொயர் பசங்களுக்கும் இது தெரியும், காலியான கோயில்ல பிராக்டீஸ் பண்ணும்போது இழுத்துக்கிட்டுப் போற சத்தம், கிறிஸ்மஸ் ராத்திரி ஆள் நெறஞ்ச பொறவு இருக்காது.

அனுப்புநர்: சுசீந்திரம்

சார், 'எதிர்'னா எதிர்ல ஒரு சுவர் வேணும். பெடலுக்குள்ள சுவர் எங்க? முழக்கம்னா இடி, முரசு, ஊர்வலத்துல கோஷம். மெல்லிசா மீட்டுன கம்பிக்கு அந்தச் சொல்லு பெரிய சட்டை.

ரிவெர்ப்புக்கு என் சொல்லு 'சிலம்பல்'. சிலம்புதல்னா ஒலித்தல், எதிரொலித்தல். சிலம்புன்னா மலை, குறிஞ்சித் தலைவன் சிலம்பன். மலைக்கு ஏன் அந்தப் பேரு வந்துது? வாங்குன ஒலிய விடாம வச்சிருந்து தாறதுனால தான்னு என் எண்ணம், மருந்துவாழ்மலைப் பக்கம் நின்னு கூப்பிட்டவங்களுக்கு இது தெரியும். காலுல போடுத சிலம்பு, உள்ள பரல் கெடந்து ஒலிக்குது. கம்பு சுத்துத சிலம்பமும் காத்துல எழும்புத ஓசையில இருந்து தான் வந்திருக்கணும். எங்க ஊர் கோயில் இசைத்தூணத் தட்டுனா கல்லு பாடுதே, அதுக்கும் இதே சொல்லு பொருந்தும்.

டிலேக்கு 'இரட்டல்'. திருமுருகாற்றுப்படையில யானையச் சொல்லும்போது 'படுமணி இரட்டும் மருங்கின்'னு வருது, ரெண்டு பக்கமும் தொங்குத மணி மாறி மாறி ஒலிக்குது. ஸ்டீரியோவுல இடம், வலம்னு மாறி வாற டிலே வேற என்ன?

அனுப்புநர்: தமிழாசிரியை (ஓய்வு), நாகர்கோவில்

இரட்டல்னா இன்னைக்குப் பிள்ளைகளுக்கு டபுள் தான். மணி ரெண்டு, உங்க பெடல் நாலு தடவ சொல்லுதே. சிலம்பல் அழகு, ஆனா கம்பு தான் கண்ணு முன்னால வரும்.

அனுப்புநர்: மிருதங்கம், இரணியல்

ரிவெர்ப்புக்கு கார்வைன்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னு முன்கூட்டியே எழுதுதேன். கார்வை வாசிக்கவன் எண்ணி வைக்கிற இடம். அளபெடையும் அப்படித் தான் டீச்சர், மாத்திரைக் கணக்கு உண்டு. ரிவெர்ப் யாரு கணக்குக்கும் நிக்காது.

அனுப்புநர்: கிட்டார் வாத்தியார், தக்கலை

டீச்சர், திருகப் பாதியில வச்சுப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே பாதி, கால், அரைக்கால்னு எறங்குது. நேத்து நாலு பசங்கள வரச் சொல்லி சொல்ல மட்டும் சொல்லிக் கேட்டேன், பெடலத் தொடல. 'அடுக்கொலி'ன்னதும் சின்னவன் ஒருத்தன் உள்ளங்கை மேல உள்ளங்கைய ஒவ்வொண்ணா வச்சுக் காட்டுனான், தட்டு அடுக்குத மாதிரி. 'சிலம்பல்'ன்னதும் ரெண்டு பேரு கம்பு சுத்துனாங்க. 'அளபெடை'க்கு பரீட்சை முகம். 'எதிர்முழக்கம்' தெரியும்னு சொன்னாங்க, என்னன்னு கேட்டா எக்கோங்காங்க.

அதனால டிலேக்கு அடுக்கொலின்னு தலைப்பு வச்சுட்டேன். ரிவெர்ப்புக்கு எதிர்முழக்கம்னு ஒரு தடவ சொல்லிட்டு அந்தப் பக்கம் முழுக்க ரிவெர்ப்னே எழுதிட்டேன், பிரஸ்ல ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க, இதுக்கு மேல இழுக்க முடியாது. இதுவரைக்கும் மூணு பேரு செரின்னு தனியா எழுதியிருக்காங்க. மாசில் ஒலிய அப்படியே எடுத்துக்கிட்டேன்.

ஆனா இன்னொரு சிக்கல். ரிவெர்ப்புக்குள்ளயே ப்ரீ-டிலேன்னு ஒரு திருகு உண்டு. கம்பியத் தட்டுனதும் ரிவெர்ப் ஒடனே தொடங்காம 20, 30 மில்லி செகண்டு பொறுத்துத் தொடங்கும், கிளீன் டோன்ல விரல் பட்ட தெளிவு கெடாம இருக்க நான் அத எப்பவும் வச்சிருப்பேன். அங்க ஒண்ணும் அடுக்கல, ஒண்ணும் திரும்ப வரல. அதுக்கு என்ன போட?

அனுப்புநர்: சுசீந்திரம்

அதுக்குத் தாமதம்னே போடுங்க. அங்க நெசமாவே தாமதம் தான். போன வருஷம் நீங்க போட்ட சொல்லு தப்பில்ல, வச்ச இடம் மாறிப் போச்சு. சிலம்பல நான் விடல, அடுத்த அச்சுக்கு முன்னால திரும்ப எழுதுவேன்.