கயலின் பேச்சுப் போட்டி: முத்துலட்சுமி ரெட்டி பற்றி நம் குடும்பக் குழுவில்

கயல்: பெரியப்பா, ஜூலை 30 மருத்துவமனை தினத்துக்கு ஸ்கூல்ல பேச்சுப் போட்டி. தலைப்பு "சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி". 5 நிமிஷம். இந்த ஃபார்வர்டை வச்சு எழுதிடவா?

கயல்: ↪️ ஃபார்வர்டு: "இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்! தேர்தலில் வென்று முதல் பெண் எம்.எல்.ஏ. ஆனவர்! சாரதா சட்டம் கொண்டு வந்தவர்! 1929-ல் தேவதாசி முறையை ஒழித்தவர்! பெருமையுடன் பகிரவும்🙏"

பெரியப்பா: நாலு வரியும் தப்பு. மேடையில சொல்லிடாதேம்மா. அந்தம்மா செஞ்சது இதைவிடப் பெருசு, அதைச் சரியாச் சொல்லணும்.

அத்தை: முதல் வரிக்கு நான் வரேன். ஆனந்திபாய் ஜோஷியும் கடம்பினி கங்குலியும் 1886-லயே டாக்டர் ஆயிட்டாங்க. முத்துலட்சுமி பிறந்ததே அந்த வருஷம் ஜூலை 30, புதுக்கோட்டையில. சென்னை மருத்துவக் கல்லூரியில 1907-ல சேர்ந்து 1912-ல பட்டம். "முதல்"னு போடாமலே அது பெரிய விஷயம்தான்.

பெரியப்பா: ரெண்டாவது வரி. அவங்க தேர்தல்ல நிக்கல, நியமன உறுப்பினர். பெண்கள் போட்டி போடலாம்னு அனுமதி வந்தது 1926-லதான். அந்தத் தேர்தல்ல கமலாதேவி சட்டோபாத்யாய் நின்னு கொஞ்ச ஓட்டுல தோத்தாங்க. அப்போ சபையில 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவங்க, மத்தவங்க அரசு நியமனம். இந்திய மாதர் சங்கம் சிபாரிசு பண்ணி இவங்க உள்ளே போனாங்க. ஆனா துணைத் தலைவரா இவங்களைத் தேர்ந்தெடுத்தது உறுப்பினர்கள், அதுவும் ஏகமனதா. அந்த இடத்துல "தேர்வு"ங்கிற வார்த்தை தாராளமா போடலாம்.

மாமா: எம்.எல்.ஏ.ன்னு சொல்லலாமா?

பெரியப்பா: கூடாது மாப்ள. அன்னைக்குச் சென்னை மாகாணத்துக்கு ஒரே அவைதான், அதுக்குப் பேர் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில். பேரவை தனியா வந்தது 1937-ல. "மேலவை"ன்னு எழுதினாலும் கீழவை ஒண்ணு இருந்த மாதிரி ஆயிடும். "சென்னை மாகாண சட்டசபை"ன்னு எழுது, யாரும் குறை சொல்ல முடியாது.

அத்தை: "பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் பெண் சட்டசபை உறுப்பினர்"னு போடு கயல். "பிரிட்டிஷ்" விட்டுப் போச்சுன்னா தப்பாயிடும். திருவிதாங்கூர் சமஸ்தானத்துல மேரி புன்னன் லூக்கோஸ் அதுக்கு முன்னாடியே சபையில இருந்தாங்க. அவங்களும் டாக்டர்தான்.

கயல்: சாரதா சட்டம்?

பெரியப்பா: அது குழந்தைத் திருமணத்தைத் தடுக்க டெல்லியில மத்திய சட்டசபை போட்டது, ஹர்பிலாஸ் சாரதா கொண்டு வந்தது. கல்யாண வயசு பெண்ணுக்கு 14, பையனுக்கு 18. இவங்க 1928-ல சென்னை சபையில, பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 ஆக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தாங்க. கேட்டது 16, சட்டத்துல வந்தது 14. இந்த எண்ணைச் சொன்னாலே கேக்கறவங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

கயல்: தீர்மானம்னா சட்டம் இல்லையா?

பெரியப்பா: இதைப் புரிஞ்சிக்கிட்டா மொத்தப் பேச்சும் கையில வந்துரும். தீர்மானம்ங்கிறது அரசுக்குச் சபை சொல்ற சிபாரிசு. நிறைவேறினாலும் அரசு செஞ்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை. மசோதான்னா அறிமுகம் செய்ய அனுமதி வாங்கணும், கெஜட்ல வரணும், பொதுக் கருத்துக்குச் சுத்துக்கு விடுவாங்க, தெரிவுக் குழுவுக்குப் போகும், பிரிவு பிரிவா ஓட்டெடுப்பு நடக்கும். அப்புறம் கவர்னர் ஒப்புதல், அதுக்கும் மேல கவர்னர் ஜெனரல் ஒப்புதல். தனி உறுப்பினர் மசோதாவுக்கு அரசு பின்னாடி நிக்காது, கொண்டு வந்தவங்களே கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போகணும்.

அத்தை: இப்போ தேவதாசி விஷயத்தை அந்த வரிசையிலயே பாரு. 1927 நவம்பர்ல தீர்மானம், ஏகமனதா நிறைவேறுச்சு. ஆனா பொட்டுக்கட்டுறது, அதாவது பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து விடுற சடங்கு, நிக்கல.

அத்தை: அடுத்து அவங்க போன இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பொட்டுக்கட்டுற வழக்கத்துக்கு ஒரு நிலக் கணக்கு இருந்துச்சு. கோயில் சேவைக்காக வரி இல்லாமலோ குறைஞ்ச வரிக்கோ நிலம் கொடுத்திருப்பாங்க, அதுதான் இனாம் நிலம். சேவை நின்னா நிலம் போயிடும். நிலம் குடும்பத்துல தங்கணும்னா அடுத்த தலைமுறையில ஒரு பெண்ணுக்குப் பொட்டுக் கட்டியாகணும். 1929-ல இந்து அறநிலையச் சட்டத்துல இவங்க கொண்டு வந்த திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்துச்சு. நிலத்துக்கு ஒரு தீர்வை, அதாவது வரி, விதிச்சு, சேவை செய்யணும்ங்கிற நிபந்தனையை எடுத்துட்டாங்க. நிலம் அந்தப் பெண்கிட்டயே இருக்கும், சேவை கட்டாயம் இல்லை. பெண்ணைத் தண்டிக்காம, அவ சாப்பாட்டுல கை வைக்காம எழுதின சட்டம்.

மாமா: அப்போ 1929-ல ஒழிச்சாங்கன்னு சொல்றது இதைத்தானா?

அத்தை: ஆமா. ஆனா அந்தத் திருத்தம் பொட்டுக்கட்டுறதைத் தடை செய்யல. தடை செய்யற மசோதாவை 1930 ஜனவரியில தனியாக் கொண்டு வந்தாங்க. அதே வருஷம் மே மாசம் காந்தியைக் கைது பண்ணினதும் பதவியை ராஜினாமா செஞ்சாங்க.

பெரியப்பா: மசோதாவைச் சுமந்தவங்க வெளியே போனா அது அங்கேயே நின்னுடும். சபை கலைஞ்சா காலாவதி. அந்த வருஷமே புதுச் சபைக்குத் தேர்தலும் வந்துருச்சு. 1947-ல ஓமந்தூரார் ஆட்சியிலதான் தடைச் சட்டம் நிறைவேறுச்சு. பொட்டுக்கட்டுற சடங்கு நடத்தினாலோ துணை போனாலோ 6 மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா 500 ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம். நடுவுல 17 வருஷம்.

மாமா: ராஜினாமா பண்ணாம இருந்திருக்கலாமோ?

அத்தை: நான் அப்படி நினைக்கல. அரசு நியமிச்ச பதவி அது. காந்தியைச் சிறையில வச்ச அரசோட நியமனத்துல உக்காந்திருக்க அவங்களால முடியல. அதே 1930-ல ஔவை இல்லத்தைத் தொடங்கிட்டாங்க. பொட்டுக்கட்டுறதுலேர்ந்து தப்பிச்சு வந்த பெண்களுக்குத் தங்க இடமும் படிப்பும் வேணும்னு அவங்களுக்குத் தெரியும்.

கயல்: எதிர்ப்பே இல்லையா அத்தை?

அத்தை: இருந்துச்சு, அதையும் சொல்லணும். பெங்களூர் நாகரத்தினம்மாள் மாதிரி தேவதாசி சமூகத்துப் பெரிய கலைஞர்களே எதிர்த்து மனு கொடுத்தாங்க. தங்களையெல்லாம் ஒரே கறையில சேர்க்கறாங்க, சொத்தும் கலையும் போயிடும்னு அவங்க பயம். அது நியாயமான கவலை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதே சமூகத்துலேர்ந்து வந்து இந்த முறையை எதிர்த்தாங்க. முத்துலட்சுமியோட அம்மா சந்திரம்மாளும் அந்தப் பின்னணிதான். வெளியிலேர்ந்து பரிதாபப்பட்டுப் பேசின ஆள் இல்லை இவங்க.

மாமா: சபையில ஒரு தலைவருக்கு நறுக்குனு பதில் சொன்னாங்கன்னு ஒரு வசனம் சுத்துதே, அதைச் சேர்த்தா கைதட்டு கிடைக்கும்.

பெரியப்பா: வேணாம். அவைக்குறிப்புல பக்கம் பார்க்காம மேற்கோள் குறி போடக் கூடாது. நடுவர் "எங்கே இருக்கு"ன்னு ஒரு கேள்வி கேட்டா பிள்ளை தடுமாறும்.

கயல்: அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி, பத்ம பூஷண் எல்லாம் போடவா?

அத்தை: ஒரே வரி போதும். 1954-ல 12 படுக்கையோட தொடங்கின புற்றுநோய் மருத்துவமனை, 1956-ல பத்ம பூஷண், மறைவு 1968. தலைப்பு சட்டசபை, அதை விட்டு நகராதே.

பெரியப்பா: 5 நிமிஷத்துக்கு 450 வார்த்தைக்கு மேல எழுதாதே, மேடையில மூச்சு வாங்கும். பிறப்பு, படிப்பு அரை நிமிஷம். நியமனம், துணைத் தலைவர் ஒரு நிமிஷம். இனாம் நிலத்துக்கு முழுசா ரெண்டு நிமிஷம் கொடு, மத்த பிள்ளைங்க யாரும் அதைத் தொட மாட்டாங்க. மீதியில 1930, 1947.

கயல்: சரி பெரியப்பா. ராத்திரிக்குள்ள எழுதி இங்கேயே போடறேன்.

அத்தை: வாய்ஸ் மெசேஜும் அனுப்பு. "இனாம்"னா என்னன்னு முதல்ல ஒரு வாக்கியத்துல சொல்லிட்டு அப்புறம் திருத்தத்துக்குப் போ.