பேக்கிங் பவுடர் தீந்துபோன அன்னிக்கு நான் போட்ட கேக், உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

போன வாரம் ராத்திரி சாப்பாடு முடிச்சு உக்காந்தப்போ திடீர்னு ஸ்வீட்டா ஏதாவது வேணும்னு தோணிச்சு, வெளிய போகவும் மனசில்ல, சரி இருக்கறத வச்சு ஒரு வெனிலா கேக் போட்டுடலாம்னு அலமாரிய திறந்தேன். மைதா, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் இருந்துச்சு, பால் ஒரு கப், முட்டை ரெண்டு. பேக்கிங் பவுடர் டப்பாவ மட்டும் கவுத்து தட்டினா காத்துதான் வருது. பக்கத்துலயே பேக்கிங் சோடா டப்பா முழுசா இருந்துச்சு. ரெண்டும் வெள்ளைப்பொடி, ரெண்டும் உப்ப வைக்கத்தானன்னு ரெண்டு டீஸ்பூன் பவுடர் போடவேண்டிய இடத்துல ரெண்டு டீஸ்பூன் சோடாவ போட்டுட்டேன்.

ஓவன்ல நல்லாத்தான் பொங்குச்சு, எனக்கு ஒரே பெருமை. கொஞ்ச நேரத்துல நடுவுல பள்ளம் விழுந்துடுச்சு, வெனிலா கேக்கு ஏதோ சாக்லேட் கேக் மாதிரி செவந்துபோய் வெளிய வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சுட்டு ரொம்ப மெதுவா கேக்கறார், "டின்ன சோப்பு போக அலசினியா?"

அலசினது சரியாத்தான் இருந்துச்சுங்க, தப்பு சோடால. சோடா தனியா போட்டா அதுக்கு ஜோடியா ஒரு புளிப்பு வேணும், தயிரோ வினிகரோ எலுமிச்சையோ. பவுடர்ல அந்த புளிப்ப காஞ்ச பொடியா கூடவே கலந்து, ஈரம் இழுக்காம இருக்க கொஞ்சம் ஸ்டார்ச்சும் சேத்து வச்சிருக்காங்க. அதனால சோடாவோட வேகம் பவுடரவிட மூணு நாலு மடங்கு. அரை டீஸ்பூன் போட வேண்டிய இடத்துல ரெண்டு, அதுவும் புளிப்பே இல்லாம! மிச்சம் நின்ன சோடாதான் அந்த சோப்பு ருசி, கேக்கு அப்படி செவந்ததும் அதனாலதான்.

தூக்கிப் போட்டேன். ஆனா விட மனசு வரல. முட்டையும் போச்சு பாலும் போச்சு, சோடா மட்டும் நிறைய கிடக்கு. அப்பதான் கிரேசி கேக் ஞாபகம் வந்துச்சு, 1930கள்ல அமெரிக்காவுல பொருளாதாரம் படுத்துக்கிடந்த காலத்துல முட்டை பால் வெண்ணெய் எதுவும் இல்லாம போட்ட கேக்குன்னு சொல்லுவாங்களே அது. ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூணு டேபிள்ஸ்பூன் கோகோ, ஒரு டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாத்தையும் சலிச்சு டின்லயே கொட்டிட்டேன் (8 இஞ்ச் சதுர டின்). அதுல அஞ்சு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், கொஞ்சம் வெனிலா எசன்ஸ், மேல ஒரு கப் தண்ணி, அவ்ளோதான். வினிகர் பட்டதும் புஸ்ஸுன்னு நுரை கட்டுச்சு பாருங்க, அங்க நின்னு வேடிக்கை பாக்கக்கூடாது, கேஸ் அப்பவே கிளம்பிடுது, அது வெளிய போறதுக்குள்ள மாவு ஓவனுக்குள்ள இருக்கணும். அதனால ஓவன் முன்னாடியே 180 டிகிரில சூடா இருக்கட்டும். சின்னச்சின்ன கட்டி இருந்தா விட்டுடுங்க, அடிச்சு அடிச்சு கலக்கினா ரப்பர் மாதிரி ஆயிடும். 32 நிமிஷத்துல குச்சி குத்தினா சுத்தமா வந்துச்சு. வினிகர் வாசனை துளி கூட இல்ல. முட்டை போட்டு நான் பண்ற சாக்லேட் கேக்க விட இதுதான் மெத்துன்னு இருந்துச்சு, சொன்னா வெக்கமா இருக்கு.

உங்க கதையும் சொல்லுங்க, என்னோடது மட்டும் தனியா நிக்க வேணாம்.

*

அக்கா, எனக்கு பவுடர் இருந்துச்சு, ஆனா எப்ப திறந்ததுன்னு யாருக்குமே தெரியாது. கேக்கு செங்கல் மாதிரி வந்துச்சு. மெல்லிசா வெட்டி திரும்ப ஓவன்ல சின்ன சூட்டுல காய வச்சேன், ரஸ்க்குன்னு சொல்லி டீயோட குடுத்தேன், கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க. இப்பல்லாம் முதல்ல கொதிக்கிற தண்ணில ஒரு டீஸ்பூன் பவுடர் போட்டு பாத்துடறேன், பொங்கினா உயிர் இருக்கு. சோடாவுக்கு வெந்நீர் வேணாம், வினிகர்ல போட்டு பாக்கணும்.

*

நான் மாட்டினது மாவுல. மைதா இல்லன்னு ரொம்ப நாளா கிடந்த முழு கோதுமை மாவ போட்டு குக்கீஸ் பண்ணேன், ஒரே கசப்பு. தவிட்டுல எண்ணெய்ச்சத்து இருக்கறதால அது மைதாவ விட சீக்கிரம் சிக்கடிச்சுடுமாம். மோந்து பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும், வெண்ணெய் வேற வீணாப் போச்சு.

*

கஸ்டர்ட் பவுடர் டப்பா ஒண்ணு எல்லா அலமாரிலயும் சும்மா உக்காந்திருக்குமே, அத யாரும் சொல்லலையே! அதுல பிஸ்கட் போடலாம். சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் 200, மைதா 250, கஸ்டர்ட் பவுடர் 50. பிசைஞ்சு உருட்டி லேசா அழுத்தி 170 டிகிரில கால் மணி நேரம், ஓரம் செவக்க ஆரம்பிச்சதும் எடுத்துடுங்க, சூட்டுல மெத்துன்னுதான் இருக்கும், ஆறினா வாய்ல கரையும். இன்னொண்ணு, இந்த கஸ்டர்ட் பவுடர கண்டுபிடிச்சவர் ஆல்ஃபிரட் பேர்டுன்னு பர்மிங்ஹாம்காரர், மனைவிக்கு முட்டை ஒத்துக்காதுன்னு 1837ல பண்ணினது. அவங்களுக்கு ஈஸ்ட்டும் ஒத்துக்கலன்னு 1843ல பேக்கிங் பவுடரும் பண்ணிட்டார். மனுஷன் வீட்ல ரொம்ப நல்லா நடந்துக்கிட்டிருக்கார்.

*

முதல் பதிவு போட்ட அக்காவுக்கு ஒரு கேள்வி, வினிகர் இல்லன்னா எலுமிச்சை போடலாமா?

*

போடலாம்மா, அதே ஒரு டேபிள்ஸ்பூன். நேத்து அப்படித்தான் போட்டேன், வித்தியாசமே தெரியல. விதை மட்டும் விழாம பாத்துக்கோ, எனக்கு ஒண்ணு விழுந்து அதுவும் அவர் துண்டுலதான் வந்துச்சு.