சுவரைப் படமெடுத்தால் சுவராகவே வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆறு மாதமாக உரிந்த சுண்ணாம்பு, துருவேறிய ஷட்டர், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிழித்த சுவரொட்டி, இவற்றைத் தவிர வேறெதையும் நான் படமெடுப்பதில்லை. சுவரை அளக்க வந்தவன் என்று தெருவில் நினைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆரன் சிஸ்கிண்ட் 1940களிலேயே இத்தகைய சுவர்களை அருவ ஓவியம்போல் படமெடுத்துவிட்டார்; எனக்கும் அதுதான் வேண்டும். அவர் படத்தில் உரிந்த பெயின்ட் தூரிகைத் தீற்றலாகிவிடுகிறது; அது விரல் அளவா, ஆள் உயரமா என்றே தெரிவதில்லை. என் படத்திலோ அது உரிந்த பெயின்டாகவே நிற்கிறது.

50 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 8, கேமரா சுவருக்கு நேர் இணையாக, மாலைச் சாய்வெயில். சொரசொரப்பு அருமையாக எழும்புகிறது, ஆனால் அந்த நிழலே ஆழத்தைக் காட்டி 'இது சுவர்தான்' என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மேகமூட்டத்தில் எடுத்தால் நிறம் நன்றாக அமைகிறது, உயிர் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எந்த வெளிச்சத்தை நம்புகிறீர்கள்?

பெயின்டின் பளபளப்பைப் போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும் ஒரு ஃபில்டர்) குறைக்கிறது. வெற்று உலோகத்தில் அது பலிப்பதில்லை. அங்கே என்ன செய்வீர்கள்?

கருப்பு வெள்ளைக்கு மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள். நீலப் பெயின்டுக்குப் பக்கத்தில் துருவின் ஆரஞ்சு நிற்பதைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை.

இன்னொன்று: படத்தின் சட்டகத்துக்குள் ஓர் ஆணியோ பாதி எழுத்தோ வந்தால் வைப்பீர்களா, வெட்டுவீர்களா? முடிந்தால் நீங்கள் எடுத்த படத்தை, வெட்டுவதற்கு முன்னும் பின்னுமாகப் போடுங்கள்.